உரிக்காத பிளாஸ்திரி

"நினோங், அப்பாவுக்கு அந்த மருந்த நிறுத்துங்க. முதல்ல இதயத்தப் பாருங்க."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று ஜீப்னியை விட்டு இறங்கும்வரை அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். ரோவெலின் நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்டுவிட்டாள். டாக்டர் மோன்டெரோ அவளுடைய நினோங், ஞானத்தந்தை. மீன் சந்தையில் கூடை சுமந்தவரின் மகளை நர்சிங் படிக்கவைத்தவர். பிலிப்பைன்ஸின் இலோய்லோவில் அப்படிப்பட்ட நினோங்குக்கு மாம்பழம் கொண்டுபோகலாம். கேள்வி கொண்டுபோகக் கூடாது.

அப்பா இந்த மாதம் இரண்டு தடவை மயங்கி விழுந்தார். வயதுதான் காரணம் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். நேற்று குளிப்பாட்டச் சட்டையைக் கழற்றியபோதுதான் ரோவெலின் பார்த்தாள். மறதி நோய்க்குத் தினம் ஒன்று ஒட்ட வேண்டிய மருந்துப் பிளாஸ்திரி, முதுகில் மூன்று இருந்தன. அம்மா ஒட்டியது ஒன்று, அத்தை ஒன்று, அண்ணி ஒன்று. அந்த வீட்டில் இடுப்புவலிப் பிளாஸ்திரியை யாரும் உரித்ததே இல்லை. அதுவாக விழும், வலி போகாவிட்டால் பக்கத்தில் இன்னொன்று. இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்கள்.

அவள் இதைச் சொன்னதும் டாக்டர் சிரித்தார். "அப்ப தப்பு உங்க வீட்டுல. இனிமே ஒண்ணு மட்டும் ஒட்டுங்க."

"தப்பு எங்க வீட்டுலதான். ரெண்டு தடவ விழுந்தவரோட முதுக நீங்களும் ஒரு தடவ பாத்திருக்கலாம். எல்லாத்தையும் உரிச்சப்புறமும் நாடி இழுத்து இழுத்துத்தான் போகுது. இந்த மருந்து இதயத் துடிப்பக் குறைக்கும். ஒண்ணக்கூட இவர் தாங்குவாரா?"

அம்மா அவள் முழங்கையைக் கிள்ளினாள். டாக்டரின் சிரிப்பு போய்விட்டது. மருந்து தொடங்கிய பிறகுதானே உன் அப்பன் உன் பெயரைச் சொன்னான், நிறுத்தி அதுவும் போனால் யார் பொறுப்பு என்று கேட்டார்.

அது பொய்யில்லை. ஒரு வருடமாக யாரோ பெண் என்று பார்த்தவர், ஈஸ்டருக்கு முன்னால் ஒரு காலையில் "வெலின்" என்று கூப்பிட்டார். அன்று அவள் குளியலறைக்குள் போய் அழுதாள். அந்தக் குரலை இழக்க அவளுக்கு மட்டும் ஆசையா?

"என் பேரு எனக்குத் தெரியும், நினோங். அவர் விழாம இருந்தா போதும்."

டாக்டர் புதுப் பிளாஸ்திரிப் பெட்டி ஒன்றை அம்மா பக்கம் தள்ளினார். அம்மா நன்றி சொல்லி எடுத்தாள். ரோவெலின் அதை அவள் கையிலிருந்து வாங்கி, திரும்ப மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

வெளியே பெஞ்சில் அப்பா இருந்தார். "வெலின், வீட்டுக்கா?"

"இல்லப்பா. பெரிய ஆஸ்பத்திரிக்கு."

அம்மா வருகிறாளா என்று திரும்பிப் பார்க்காமல், அவர் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.