கூனிக்குறுக நாலு பேர் வேண்டும்

கூனிக்குறுகுதல் என்பது முதலில் உடம்பு செய்கிற வேலை. முதுகு வளையும், தோள் உள்ளே போகும், ஆள் ஓரிரு அங்குலம் சிறுத்துவிடுவார். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பூட்டிய அறையில் தனியாக யாரும் கூனிக்குறுகுவதில்லை, பார்க்க நாலு பேர் வேண்டும். தப்பு செய்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

சலவைக்கடை முதலாளிக்கு இந்தக் கடைசி விஷயம் தெரியாது.

துவைக்கப் போட்ட கோட்டின் உள்பையில் மோதிரம் இருந்தது என்று காலையில் கோட்டுக்காரர் வந்து நின்றார். கோட்டு துவைத்துக் காய்ந்து தொங்கியது. பை காலி. கடை நிறைய ஆட்கள் நிற்க, முதலாளி இஸ்திரி மேசைப் பக்கம் திரும்பினார். அங்கே நின்றவள் அவருடைய மச்சினி.

“பாக்கெட்டெல்லாம் பாக்கறது நீதானே? உன் பையைக் கொட்டு.”

“மாமா, நானா...?”

“மச்சினிச்சி கைராசிக்காரங்க போல,” என்றார் வரிசையில் ஒரு மீசைக்காரர். சிரிப்பு எழுந்தது.

சீப்பு, சாவி, பாதி பிஸ்கட் பொட்டலம். அவ்வளவுதான். ஆனாலும் அவள் கூனிக்குறுகிப் போனாள். பில் போட்டுக்கொண்டிருந்த அவளுடைய அக்கா தலையைத் தூக்கவே இல்லை.

“எப்படிக் குறுகுறா பாரு. இவதான்,” என்று மனைவியின் காதில் சொன்னார் முதலாளி. “சாயங்காலத்துக்குள்ள மோதிரம் வரணும். இல்லன்னா நாளைலேருந்து அவ இந்தப் பக்கம் வரவேணாம்.”

கோட்டுப் பையில் ஓட்டை இருந்தால் பொருள் தரையில் விழாது. மேல்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே வழுக்கி, கீழ்மடிப்பின் மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். மதியம் அவளுடைய இஸ்திரிப் பெட்டி அந்த மூலையில் ‘டக்’கென்று இடித்தது. தடவினாள். வட்டமாக இருந்தது.

கத்தரிக்கோல் பக்கத்திலேயே கிடந்தது. எடுக்கவில்லை. தானே பிரித்தால், ஒளித்தவளே எடுத்தாள் என்பார்கள். அக்காவைக் கூப்பிட்டால், அக்காவும் கூட்டு என்பார்கள். கோட்டை ஓரமாக மாட்டினாள்.

சாயங்காலம் துணி வாங்க அதே ஆட்கள் வந்தார்கள், கோட்டுக்காரரும்.

“மாமா, இந்த மூலையைத் தொட்டுப் பாருங்க.”

“என்ன புது நாடகம்?”

“நீங்களே பிரிங்க. நான் தொடமாட்டேன்.”

தையல் பிரிந்தது. மோதிரம் மேசையில் உருண்டது. கோட்டுக்காரர் பைக்குள் விரலை விட்டார். விரல் மறுபக்கம் வந்தது. “அட, ஓட்டை!”

உள்ளே வா என்று முதலாளி மச்சினிக்குக் கண்ணைக் காட்டினார்.

“இங்கயே சொல்லுங்க மாமா. காலைல இங்கதானே கேட்டீங்க?”

அக்கா இப்போது தலைநிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். அவருடைய தோள்கள் மெல்ல உள்ளே போயின.

“தப்பா நெனச்சுட்டேன்மா.”

“சத்தமா சொல்லுங்க முதலாளி,” என்றார் மீசைக்காரர். “பின்னாடி கேக்கல.”