எல்லாருக்கும் சொல்லியாச்சா?

தலையணையை மெதுவாக உருவிவிட்டு மாமியாரின் தலையை நேராக வைத்தாள். நெற்றியில் கலைந்து கிடந்த முடியை விரலால் ஒதுக்கினாள். உயிர் போய்விட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"எல்லாருக்கும் நீயே சொல்லிடு," என்றான் கணவன், அம்மா தனியாக இருந்த அந்த வீட்டின் வாசலில் நின்றபடியே.

"உங்கம்மா. நீங்க சொல்லுங்க."

அவன் சர்வேயர். ஊரார் நிலத்தை அங்குலம் பிசகாமல் அளப்பவன், கல்யாணமான முதல் மாதமே வீட்டுக்குள்ளும் எல்லைக்கல் நட்டுவிட்டான்: சொந்தபந்தத்தைக் கவனிக்கும் வேலை முழுக்க அவள் பக்கம். பதினான்கு வருடமாக இரண்டு வீட்டு நல்லது கெட்டதையும் அவளே பார்த்தாள். இரண்டு வருடத்துக்கு முன் அவள் அப்பா செத்துக் கிடந்தபோது, நாற்பது நிமிடம் நின்றுவிட்டு அவள் காதருகே குனிந்து கேட்டான், "எப்பக் கிளம்பலாம்?" அந்தக் கேள்வியை அவள் ஆறவிடாமல் வைத்திருந்தாள்.

"யார் நம்பரும் எங்கிட்ட இல்லயே."

"அத்தை போன்ல இருக்கும்."

எடுத்துக் கொடுத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். தலைக்குமேல் வேலை கிடந்தது. ஒன்றையும் தொடவில்லை. இதைப் பார்த்தே ஆக வேண்டும்.

மாமியாருக்குக் காது மந்தம். போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான். அதை அணைக்க மகனுக்குத் தெரியவில்லை.

முதலில் பெரியம்மா.

"சொல்லுடி. மாத்திரை போட்டியா?"

"பெரியம்மா, நான் பேசுறேன்."

"நான்னா யாரு?"

"உங்க தங்கச்சி மகன்."

"நீயா? நீ எதுக்குப் பேசுற? ஐயோ, உன் பொண்டாட்டிக்கு என்னடா ஆச்சு?"

நாற்காலியில் இருந்தவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. செத்த வீட்டில் இப்படி ஒரு குளிர்ச்சி கூடாதுதான். ஆனாலும் இருந்தது.

அவன் விஷயத்தைச் சொன்னான். பெரியம்மா நம்பவில்லை. "போனை அவகிட்ட குடு. அவ சொல்லட்டும்."

அவன் நீட்டினான். அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

அடுத்தது சித்தப்பா. சித்தி எடுத்தாள்.

"சித்தப்பாகிட்ட குடுங்க சித்தி, ஒரு விஷயம் சொல்லணும்."

"அவரு போய்ச் சேந்து மூணு வருஷம் ஆகுதுப்பா. உன் பொண்டாட்டி வந்திருந்தாளே."

அவன் போனை வைத்தான். அவளைப் பார்த்தான். "சொல்லவே இல்லயே நீ."

"சொன்னேன். ரெண்டு தடவ."

பட்டியலைத் தள்ளிக்கொண்டே போன அவன் விரல் ஓரிடத்தில் நின்றது. எட்டிப் பார்த்தாள். 'மகன்' என்றிருந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. தினமும் போனில் பேசியது அவள், பேர் மட்டும் அவனுக்கு.

"நேத்து சாயங்காலம் நாப்பத்திரெண்டு நிமிஷம்னு காட்டுது," என்றான். "நான் நேத்து பேசவே இல்லயே."

நேற்று என்ன, எட்டு மாதமாகவே பேசவில்லை. அவன் தன் போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து இடது கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பெயரை அழுத்தினான்.

இடது கைப் போன் சும்மா இருந்தது. அவள் மடியில் மணி அடித்தது.

திரையில் 'அத்தை'. இரண்டாவது மணிக்குள் எடுத்துப் பழகிய கட்டைவிரல் தானாகவே பச்சைப் பொத்தான் வரை போனது. அவன் அம்மாவின் போனைக் காதில் வைத்தபடி, யாரோ எடுத்துப் பேசுவார்கள் என்பதுபோல் நின்றிருந்தான்.

அவள் போனை மடியில் கவிழ்த்து, மணி ஓயும்வரை அதன்மேல் கையை வைத்திருந்தாள்.