கழித்தல் பாடமும் என் மீசையும்

சங்கரன்கோவில் ரயிலடிக்குப் பக்கத்துப் பள்ளியில் எண்பத்திரண்டாம் வருஷம் எங்களுக்கு மாலைப் பயிற்சி நடந்தது. பகலெல்லாம் பாடம் நடத்திய ஆசிரியர்கள், பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, கணக்கு வராத பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு கணக்கு நடத்துவது எப்படி என்று கற்றுக்கொள்ள வேண்டும். தினமும் நடந்ததைக் குறிப்பு எழுத வேண்டும் என்பது பயிற்றுநர் ஆவுடையப்பன் சாரின் உத்தரவு. மற்றவர்கள் கடைசியில் மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். நான் தினமும் எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்த்து, தப்பாக இருக்குமோ என்று அடித்தேன். என் குறிப்பில் பாதிக்கு மேல் அடித்தல்தான்.

எனக்கு இந்தப் பயிற்சி தேவைப்பட்டது பூமாரிக்காக. கரிவலம்வந்தநல்லூரில் என் நான்காம் வகுப்பில் படிக்கும் பெண். சின்ன வயதில் காதில் சீழ் வடிந்து, இப்போது அரைகுறையாகத்தான் கேட்கும். கழித்தல் வரவில்லை. தலைமையாசிரியர் தங்கசாமி அவளை இரண்டாம் வகுப்பில் இறக்கி உட்காரவைக்க முடிவு செய்துவிட்டார். அவள் அம்மா ஆறுமுகத்தாயோ, "சின்னப் பிள்ளையளோட உக்காந்து ஊரு சிரிக்கதுக்கு, அவ வீட்டுல தீப்பெட்டி ஒட்டட்டும்" என்று சொல்லிவிட்டாள். நான் கெஞ்சியதில் தலைமையாசிரியர் கொஞ்சம் இளகினார். திங்கட்கிழமை ஆவுடையப்பன் சார் எங்கள் பள்ளிக்கு வந்து என் மாதிரிப் பாடத்தைப் பார்க்கப்போகிறார். அன்றைக்குப் பூமாரிக்குக் கழித்தல் பிடிபட்டது என்று தெரிந்தால் அவள் நான்காம் வகுப்பிலேயே இருக்கலாம். தெரியாவிட்டால் இறக்கம்தான்.

நான் முறைப்படிதான் முயன்றேன். முதலில் சத்தமாகச் சொன்னேன். பிறகு இன்னும் சத்தமாக. பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் என் கணக்குகளுக்கு விடை சொன்னார்கள். பூமாரி மட்டும் மிரண்டாள். எண்களைப் பெரிதாக எழுதினேன். ஒரே கணக்குக்குக் கரும்பலகை போதவில்லை. கலர் சாக்பீஸ் வாங்கினேன். அவளோ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'நல்ல கவனம்' என்று குறிப்பில் எழுதினேன். பிறகு அதை அடித்து, 'பராக்குப் பார்க்கிறாள்' என்று திருத்தினேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஆவுடையப்பன் சார் பஞ்சு கொண்டுவந்தார். பாதிப் பேர் காதை அடைத்துக்கொள்ள வேண்டும். எதிரில் இருப்பவர் மெதுவான குரலில் ஒரு கணக்குச் சொல்வார். உதட்டைப் பார்த்தே அதைப் புரிந்துகொள்ள வேண்டும். பின்தெருவில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்ததால் பஞ்சு இல்லாமலே பாதி கேட்காது. எனக்கு எதிரில் காதில் பஞ்சுடன் ஜெய்னப் டீச்சர்.

"நாப்பத்திரெண்டுல பதினேழு போனா எவ்வளவு?" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"என்ன சார், சொல்லுதியளா, இல்ல வெத்தல மெல்லுதியளா?"

"சொல்லுதேன் டீச்சர்!"

"வாயே தெரியலியே. மீசைதான் மேலயும் கீழயும் போகுது. மூக்குக்கடியில அணிலு ஓடுத மாதிரில்லா இருக்கு."

வகுப்பே சிரித்தது. பஞ்சு வைத்திருந்தவர்களுக்கும் எப்படியோ அது மட்டும் கேட்டுவிட்டது.

பூமாரி எதற்காக என் முகத்தைப் பார்த்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்றாம் வகுப்பில் அவளுக்கு ஒரு பெண் ஆசிரியர். அவரிடம் அவள் ஒழுங்காகத்தான் படித்திருக்கிறாள். நான் இத்தனை நாளாக அவளுடைய பாடத்துக்கு முன்னால் ஒரு திரையைத் தொங்கவிட்டிருந்தேன். அதற்குத் தேங்காய் எண்ணெய் வேறு தடவினேன்.

அந்த மீசை வீண் ஆடம்பரத்துக்கு வளர்த்ததல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பஸ் கண்டக்டர் என்னிடம், "ஏலே, பள்ளிக்கூடத்துப் பாஸ் எங்க?" என்று கேட்டார். வீரபாண்டி என்ற பெயருக்கு என் உடம்பில் வேறு ஆதாரம் கிடையாது. எடுத்துவிடலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல். எங்கள் பக்கம் தகப்பன் இறந்தால்தான் மகன் மீசையை எடுப்பான். என் தகப்பனார் சிவனாண்டி குருவிகுளத்தில் நல்ல சுகத்தோடு புஞ்சை உழுதுகொண்டிருந்தார்.

சனிக்கிழமை நானே கத்தரித்துப் பார்த்தேன். வலப்பக்கம் அதிகம் போய்விட்டது. சமப்படுத்த இடப்பக்கம் வெட்டினேன். அது இன்னும் அதிகம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சவரக்கடைக்குப் போய், மிச்சத்தையும் எடுக்கச் சொன்னேன்.

"அப்பா எப்ப தவறுனாவ சார்?" என்றார் கடைக்காரர்.

"தவறல. நல்லா இருக்காவ."

"அப்ப என்னத்துக்கு?"

"கழித்தல் கணக்குக்கு."

அதன்பிறகு அவர் கத்தியை வழக்கத்தைவிடக் கவனமாகப் பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை நான் மீசையில்லாமல் பள்ளிக்குள் நுழைந்ததும் தலைமையாசிரியர் வேகமாக வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மக்கா, நீ இன்னைக்கு வந்திருக்கக் கூடாது. ஊருக்குப் போ. பாடமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"சார், அப்பா உயிரோட இருக்காவ."

"இருப்பாவ மக்கா. எங்க போயிருவாவ? நம்ம மனசுக்குள்ளதான் இருப்பாவ."

மகளின் முடிவைத் தெரிந்துகொள்ள வந்திருந்த ஆறுமுகத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். "எம்மவளுக்காவ, கொள்ளி வச்ச கையோட வந்து நிக்காவளே!"

நான் எவ்வளவு மறுத்தேனோ அவ்வளவுக்கு என்மேல் இரக்கம் கூடியது. நான் ஊருக்குப் போனால் பாடம் கிடையாது. பாடம் இல்லாவிட்டால் பூமாரி இரண்டாம் வகுப்பில். வேறு வழி தெரியாமல், "பாடத்த முடிச்சிட்டுப் போறேன் சார்" என்றேன். பெற்ற தகப்பனை அரைநாள் இறந்தவராகவே விட்டுவைத்தேன்.

ஆவுடையப்பன் சார் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தலைமையாசிரியர் அவர் காதில் ஏதோ சொல்ல, அவரும் என்னைப் பார்த்துச் சோகமாகத் தலையசைத்தார். மேசையில் தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி நாலு கட்டும், உதிரியாக இரண்டும் வைத்திருந்தேன். கரும்பலகையில் நாற்பத்திரண்டு, அதன் கீழே பதினேழு. எழுதி முடித்துத் திரும்பிய பிறகே பேசினேன். பூமாரிக்கு நேராக நின்றேன்.

"ரெண்டுல ஏழு போகாது. அதனால ஒரு கட்டைப் பிரிக்கேன். இப்ப உதிரி பன்னெண்டு."

அவள் கண் என் வாயிலேயே இருந்தது. உதட்டுக்கு மேல் எனக்குக் குளிர்ந்தது.

"பன்னெண்டுல ஏழு போனா அஞ்சு." ஏழு குச்சிகளை எடுத்துத் தள்ளி வைத்தேன். பலகையில் ஐந்து எழுதினேன். "நாலுல ஒண்ணு போனா மூணு. ஆக, முப்பத்தஞ்சு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்!" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் கத்தியது. தலைமையாசிரியரும் தலையாட்டினார்.

"இல்ல" என்றாள் பூமாரி.

தலைமையாசிரியர் பெருமூச்சு விட்டார். "பாத்தியளா சார், அத்தனைக்கும் புரியுது. இவளுக்கு மட்டும்தான்…"

ஆவுடையப்பன் சார் எழுந்து வந்து அவளுக்கு எதிரே குனிந்தார். "என்னம்மா புரியல?"

"சார் ஒரு கட்டப் பிரிச்சிட்டாவல்லா? மிச்சம் மூணு கட்டுதான இருக்கு? பலகையில இன்னும் நாலுன்னு கெடக்கு." அவள் மேசைக்கு வந்து, மூன்று கட்டில் ஒன்றை எடுத்து ஓரமாக வைத்தாள். "ரெண்டு கட்டு, அஞ்சு குச்சி. இருவத்தஞ்சு."

நான் கரும்பலகையைப் பார்த்தேன். இரங்கல் கேட்டுக் குழம்பிய மண்டையோடு, நாலை அடித்து மூன்றாக்க மறந்திருந்தேன். தப்பான கணக்கு வகுப்பு முழுவதற்கும் நன்றாகவே புரிந்திருந்தது.

 தலைமையாசிரியர் வாசலைப் பார்த்துச் சொன்னார்: "ஆறுமுகத்தாய், ஒம்மவ இங்கனயே இருக்கட்டும். நாலாம் வகுப்புலயே."

"முன்னால உக்காத்துவியளா சார்?"

"உக்காத்துவோம்."

ஆவுடையப்பன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பிள்ளைக்கு நேரா நின்னு பேசுனது நல்லாயிருந்துதுவே. ஆனா தப்புக் கணக்கு போட்டவருக்கு பயிற்சி முடிஞ்சுதுன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போட? அடுத்த வாரம் மறுபடியும் நடத்தும்."

"எந்தப் பாடம் சார்?"

"கழித்தல்தான்."

நான் வகுப்புக்குத் திரும்பியபோது பூமாரி முதல் வரிசைக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே போய் நின்றேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவளே சொன்னாள்:

"மொதல்ல அந்த நாலை அடிங்க சார்."