கருகிய பாகின் வாசம்

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த கர்ணன், சோற்றில் ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

“நம்ம பஸ்ல ஒரு பொம்பள வருது புள்ள. அது மேல ஒரு வாசம் அடிக்குது பாரு, அது என்னா வாசம்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.”

சந்தனம்மாள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. கம்பத்துக்கும் காமயகவுண்டன்பட்டிக்கும் இடையே ஓடும் மினி பஸ்ஸில் அவன் கண்டக்டர். கல்யாணமாகி இருபத்து நான்கு வருடங்கள். ஜாதிமல்லி, மரிக்கொழுந்து, விசேஷத்துக்குப் பூசும் ரோஸ் பவுடர் என்று அவள் வைக்காதது இல்லை. ஒரு தடவைகூட அவன் மூக்கு அவள் பக்கம் திரும்பியதில்லை. இப்போது எவளோ ஒருத்தியின் வாசத்தை வெட்கமில்லாமல் சோற்றோடு பிசைகிறான்.

“அப்பிடி என்னாங்க வாசம்?”

“கருப்பட்டிப் பாகு அடியில லேசாத் தீஞ்சா வருமே, அது. அதுக்குள்ள ஒரு பொகை. காப்பிக்கொட்டை வறுத்த மாதிரியும் இருக்கு. பசிக்குது, ஆனா திங்கிற சாமான் இல்ல. அது எறங்கிப் போன பெறகும் அந்த சீட்டுக்கிட்டயே நின்னுக்கிருக்கேன். டிரைவர் அம்மாவாசி கண்ணாடியில பாத்துச் சிரிக்கிறாரு.”

“கேக்க வேண்டியதுதான?”

“கண்டக்டரு போயி அதக் கேட்டா செருப்புப் பிஞ்சிரும். நீ ஒரு நா வந்து கேட்டுச் சொல்லேன்.”

மறைக்கத் தெரியாத மனுசன். மறைத்திருந்தால் பிடித்துச் சண்டை போட்டிருப்பாள். இப்படி நடுவீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டவனிடம் எதைச் சொல்லிச் சண்டை போடுவது? அன்று பூராவும் அவளுக்கு எந்த வேலையும் ஓடவில்லை. தீபாவளிக்கு எடுத்த அரக்குச் சேலையை வெளியே எடுத்தாள், மடித்து உள்ளே வைத்தாள், மறுபடியும் எடுத்தாள்.

மறுநாள் காலை அதே சேலையில், தலைநிறையப் பூவோடு, ஒரு கை பார்த்துவிடுவது என்று பஸ் ஏறினாள். கர்ணன் மற்றவர்களுக்குக் கொடுப்பதுபோலவே அவளுக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, முன்பக்கம் மூன்றாவது சீட்டைத் தாடையால் காட்டினான்.

அங்கே உட்கார்ந்திருந்தது அறுபது வயதுக்குக் குறையாத ஒரு பாயம்மா. வெள்ளைத் துப்பட்டி, காலடியில் சாப்பாட்டுத் தூக்குவாளி, மூக்கின் மேல் நழுவி நிற்கும் கண்ணாடி. இதற்காகவா ராத்திரி உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டோம் என்று சந்தனம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அந்த வாசம் அவளிடம் வந்தது.

முதலில் புகை. கண்ணை எரிக்காத, ஈர விறகு மெதுவாகப் புகைவது போன்ற புகை. அது விலகியதும் கருகும் பாகு, கசப்பும் இனிப்புமாக. நாக்கில் எச்சில் ஊறியது. ஏலக்காய் மூடை ஏற்றிய ஜீப், டீசல், கூட்டத்தின் வியர்வை என்று கம்பத்துக்கென்று இருக்கும் எல்லா வாசங்களும் அந்த சீட்டுக்கு வெளியே நின்றுவிட்டன. வந்த காரியம் மறந்துபோயிற்று. புருஷனுக்காகக் கேட்கவேண்டும் என்பதும் மறந்துபோய், தனக்காகவே கேட்டாள்.

“பாயம்மா, தப்பா நெனைக்காதீக. ஒங்க மேல அடிக்கிற வாசம் என்னா வாசம்?”

பாயம்மா ஜெய்த்தூன் பீவி கண்ணாடியை ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு பொக்கை வாய் தெரியச் சிரித்தார்.

“எல்லாரும் மூக்கத் தூக்குவாக, வாயத் தொறந்து ஒருத்தரும் கேட்டதில்ல. எம்மகன் ஷானவாசு சார்ஜாவுல அத்தர் கடையில நிக்கிறான் தாயி. அவன் அனுப்புனது. ஊதுக்கட்டப் பொகை, சீனிப் பாகு, காப்பின்னு என்னென்னமோ சேருதாம். பொம்பளைக வெளிய போகையில அத்தர் போடக் கூடாதும்பாக எங்காளுக. நான் மேலுக்குப் போடல. தோட்டத்துல தெராச்சைக்கு மருந்தடிக்கிற அன்னைக்கு நிக்க முடியாது, கொமட்டும். அதுக்காகத் துப்பட்டி முந்தியில ஒரு சொட்டு விட்டு மூக்கப் பொத்திக்கிருவேன்.”

கொஞ்ச தூரம் ஜன்னலுக்கு வெளியே திராட்சைப் பந்தல்களைப் பார்த்துக்கொண்டு வந்தவர், குரலைத் தாழ்த்தினார்.

“இப்ப மருந்தடிக்காத நாள்லயும் விடுறேன்.”

இருவரும் சின்னப் பிள்ளைகள்போலக் குலுங்கிச் சிரித்தார்கள். இறங்கும் இடம் வந்தபோது பாயம்மா இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து விரல் நீளக் கருப்புக் குப்பியை எடுத்து, அதன் மூடிக் குச்சியை சந்தனம்மாளின் இடது மணிக்கட்டில் ஒரு இழுப்பு இழுத்தார். “தேச்சுராத. அதுபாட்டுக்கு இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுத் தூக்குவாளியோடு இறங்கிப் போனார்.

காமயகவுண்டன்பட்டியில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள், அம்மாவாசி டீக்குப் போனார். சந்தனம்மாள் எழுந்திருக்கவில்லை. புகை தணிந்து, தோலின் சூட்டில் பாகு இளகி, இப்போது அந்த வாசத்தில் பாலின் மிருதுவும் சேர்ந்திருந்தது. பாயம்மாவின் துப்பட்டியில் இருந்தது வேறு, இது வேறு. இது அவளுடையது.

கர்ணன் பையைத் தோளில் ஒதுக்கிக்கொண்டு வந்து நின்றான்.

“கேட்டியா?”

“கேட்டேன்.”

“என்னவாம்?”

“சொல்ல மாட்டேன்.”

“ஏ, என்னா புள்ள…”

“இருபத்து நாலு வருசமா மல்லி வச்சேன், மரிக்கொழுந்து வச்சேன். நல்லாருக்கு, நாறுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கீகளா?”

கர்ணன் டிக்கெட் புத்தகத்தை விரலால் நீவிக்கொண்டே நின்றான். ஓடுகிற பஸ்ஸிலும் நிற்கிற பஸ்ஸிலும் உட்கார்ந்து பழக்கமில்லாதவன், ஒரு கணம் யோசித்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“தெனம் முந்நூறு பேரு மேல இடிச்சுக்கிட்டு வாரேன். வீட்டுக்கு வரையில எம்மூக்கு செத்துப் போயிருது புள்ள. நெசமாத்தான் சொல்றேன்.”

அவள் முன் சீட்டின் கிழிந்த ரெக்சினை விரலால் உள்ளே தள்ளினாள். பிறகு இடது கையை அவன் மடியில் வைத்தாள்.

கர்ணன் குனிந்தான். அவன் மூச்சு மணிக்கட்டில் சூடாகப் பட்டது. பழக்கூடைகளோடு நாலைந்து பெண்கள் படியில் ஏற வந்து, உள்ளே பார்த்து, ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்கள். சந்தனம்மாள் அவர்களைப் பார்த்தாள். கையை எடுக்கவில்லை.