வலை உங்கள் கையில்

வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை. கொல்லைக் குளத்தில் ராஜாவுக்குத் தீனி இறங்காததுதான் காரணம். ராஜா என்பது முழங்கை நீளத்துக்கு வளர்ந்த கோய் என்னும் அலங்கார மீன். உடம்பெல்லாம் வெள்ளை, தலையில் மட்டும் சிவப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதனிடம்தான் போவார். அதுவும் அவர் நிழலைக் கண்டதும் மேலே வந்து உள்ளங்கையில் வாய் வைத்துத் தின்னும். வீட்டுக்கு யார் வந்தாலும் கூட்டிப்போய் இந்தக் கண்காட்சியைக் காட்டாமல் விடமாட்டார். பெண்டாட்டியை அறிமுகப்படுத்த மறந்துபோவார், அது வேறு விஷயம்.

"இடது பக்கம், துடுப்புக்குப் பின்னாடி புண்ணு. மூணு செதில் கொட்டிப்போச்சு. நேத்து மிளகு அளவுதான் இருந்துச்சு," என்று மனைவியின் தையல் மெஷினுக்கு எதிரே வந்து நின்று புலம்பினார்.

அவள் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவே அவளிடம்தான் துணி தைக்கக் கொடுத்தது. மெஷினை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டாள். அவள் வயிற்றிலும் ஒரு தையல் இருந்தது, பித்தப்பையை எடுத்தபோது போட்டது. அது எந்தப் பக்கம் என்று கேட்டால் இந்த மனுஷன் திருதிருவென்று விழிப்பார்.

அன்று மயக்கம் தெளிந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து போன் போட்டாள், பயமாக இருக்கிறது, கொஞ்சம் வாருங்கள் என்று. குளத்துக்குப் புது மோட்டார் மாட்ட ஆள் வந்திருக்கிறது என்றார் அவர். "நர்ஸ் இருக்காங்கல்ல, பாத்துப்பாங்க. நீ பேசாம படு." வைத்துவிட்டார். வீட்டுக்கும் அவளே வண்டி பிடித்து வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியேறியவளிடம், நல்ல நேரத்தில் வந்தாய், மீனுக்குக் கொஞ்சம் தீனி போட்டுவிடு என்றார். போட்டாள். போட்டுக்கொண்டே மனசுக்குள் கறுவினாள். அந்தக் கறுவல் இன்னும் ஆறவில்லை.

வளர்ப்பு மீன் கடைக்காரர் வைத்தியம் சொல்லியிருந்தார். கிராம்பு எண்ணெய் கலந்த தொட்டியில் மீனை மயங்க வைத்து, ஈரத் துணியில் கிடத்தி, புண்ணைத் துடைத்து மருந்து தடவ வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள், ஆறும்வரை. வாத்தியாருக்கு ரத்தத்தைக் கண்டால் கை உதறும். நீதான் செய்ய வேண்டும் என்று கெஞ்சினார்.

சாகட்டும் சனியன் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் செத்தால் என்ன ஆகும்? ஒரு வாரம் மூக்கைச் சிந்துவார், பிறகு இன்னொரு ராஜாவை வாங்கி வந்து நிற்பார். அதோடு, அந்த வாயில்லாப் பிராணி அவளை என்ன செய்தது?

மருந்து வாங்க அவளேதான் போனாள். கடைக்காரர் பொட்டலத்தோடு ஒரு புத்திமதியும் கொடுத்தார். "வலை போட்டுப் பிடிக்கிற ஆளை இதுங்க மறக்காதும்மா. ஒருத்தரே பிடிக்காதீங்க, ஆள் மாத்தி மாத்திப் பிடிங்க."

வழியெல்லாம் அதையே அசைபோட்டுக்கொண்டு வந்தாள். மருந்தைக் கணவரிடம் கொடுத்தாள். புத்திமதியைக் கொடுக்கவில்லை.

"மருந்து நான் போடறேன். வலை மட்டும் உங்க கையில. எனக்கு அதெல்லாம் பிடிக்க வராது," என்றாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

முழங்கால் தண்ணீரில் இறங்கி, மூலைக்கு மூலை விரட்டி, வாத்தியார் ராஜாவை வலையில் அள்ளுவார். அது துள்ளும், கல்லில் முட்டிக்கொள்ளும். தொட்டியில் மயங்கியதும் அவள் பஞ்சை எடுப்பாள். அவள் கை மெத்தென்றுதான் பட்டது. அதில் நடிப்பு இல்லை. மயக்கம் தெளிந்த மீனைக் குளத்தில் விட்டுவிட்டு, கணவர் உடை மாற்றப் போன நேரத்தில், அவள் தன் கையால் தீனி போடுவாள்.

ஒருநாள் அவர் மூச்சு வாங்க நின்று, "ரொம்ப மிரளுது. இன்னைக்கு ஒரு தரம் நீ பிடியேன்," என்றார். அவளுக்கு ஒரு கணம் மனசு இளகியது. சொட்டச் சொட்ட நனைந்து நிற்கும் அந்த ஆளைப் பார்த்தாள். தனக்காக அவர் ஓட்டமாக நாலடி எடுத்து வைத்ததுண்டா? இளகிய மனசு மறுபடி இறுகியது. உங்களை மாதிரி என்னால் பிடிக்க முடியுமா என்று சொல்லிவிட்டாள். வாத்தியாருக்குப் பெருமை.

புண் ஆறி, புதுச் செதில் முளைத்தது. வாத்தியார் தன் பள்ளி ஆசிரியர்களை வரவழைத்தார். கை நிறையத் தீனியோடு கரையில் குந்தினார். நிழல் விழுந்ததுதான் தாமதம், ராஜா அடியில் போய் மோட்டார் குழாய்க்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டது. கூப்பிட்டார், கொஞ்சினார், தண்ணீரைத் தட்டினார். அசையவில்லை. வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டீ கொண்டுவந்தவள் தட்டை வைத்துவிட்டு, எதிர்க்கரையில் உட்கார்ந்து விரலைத் தண்ணீரில் விட்டாள். ராஜா வந்து விரலைக் கவ்விப் பார்த்தது.

"சார், இவங்க யாரு?" என்றார் ஓர் ஆசிரியர். வாத்தியார் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். மீனுக்கு வைத்தியம் பார்த்தவள் என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

எல்லோரும் போன பிறகு அவர் கரையைவிட்டு நகரவில்லை. தீனி கையிலேயே ஊறிக் கூழாகியிருந்தது.

"எங்கிட்ட ஏன் வரமாட்டேங்குது?" குரல் உடைந்திருந்தது.

அவளுக்கு அது தேனாக இனித்தது. மறைத்துக்கொள்ளவும் இல்லை.

"நான் இருக்கேன்ல, பாத்துப்பேன். நீங்க பேசாம போய்ப் படுங்க."

அது தன்னுடைய வார்த்தைதான் என்று அவருக்கு நினைவுகூட வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.