முப்பத்துநாலு டிகிரி

தங்கச்சியின் பாதத்தைத் தொட்டதும் செழியன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"இனி தேறாது மாப்ள. காலு சில்லுன்னு கெடக்கு. மூச்சு இருக்கையிலயே வீட்டுக்குக் கொண்டு போயிருவோம். கீழ ஆம்புலன்ஸ் நிக்குது."

ஊர்க்காவலன் ஆஸ்பத்திரிக் கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி நின்றான். மனைவியின் தலைமாட்டில் இருந்த திரையில் 34 என்று பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. நேற்று மத்தியானத்திலிருந்து அவனுக்கு அந்த நம்பரைத் தவிர வேறு சாமி இல்லை.

டாக்டர் அனுப்பிரியா அவனை உட்காரவைத்துத்தான் சொல்லியிருந்தார். சண்முகத்தாயின் ஈரல் படுத்துவிட்டது. ஈரல் வடிகட்ட வேண்டிய விஷமெல்லாம் ரத்தத்தில் ஏறி மூளை வீங்குகிறது. மருந்து ஏறுகிறது, ஈரல் தானாகத் தேறினாலும் தேறும், ஆனால் இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அதுவரை மூளை தாங்க வேண்டும். அதற்காகத்தான் மயக்கத்திலேயே வைத்து, குளிர்ந்த தண்ணீர் ஓடும் விரிப்பில் கிடத்தி, உடம்புச் சூட்டை முப்பத்துநாலுக்கு இறக்கியிருக்கிறார்கள்.

"பலிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா போர்த்தாதீங்க, கைகாலைத் தேய்க்காதீங்க. நடுக்கம் வந்தா உடனே கூப்பிடுங்க" என்றார்.

டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஏழாயிரம்பண்ணை ஊர்க்காரனான செழியனுக்கு அதை யார் புரியவைப்பது? அங்கே ஒருவருக்குக் கால் குளிர்ந்துவிட்டது என்றால் அதற்குப் பிறகு டாக்டரை யாரும் தேட மாட்டார்கள்; வாயில் பால் ஊற்ற சொந்தபந்தங்களுக்கு ஆள் அனுப்புவார்கள். வெளியூரில் செத்து, பிணமாக வாசல் ஏறுவது குடும்பத்துக்கே குறை. செழியன் ஊருக்குப் போன் போட்டாயிற்று. அவளைக் கிடத்த முன்வீட்டை ஒழித்துவைத்துவிட்டார்கள். பாக்கி ஒன்றே ஒன்றுதான். 'எங்கள் சொந்தப் பொறுப்பில் கூட்டிப் போகிறோம்' என்ற தாளில் புருஷன்காரன் கையெழுத்து.

"போடுலே" என்று செழியன் பேனாவை நீட்டினான். ஊர்க்காவலன் அதை வாங்காததைப் பார்த்ததும் செழியனுக்குக் கோபம் பொங்கியது. கொண்டுவந்திருந்த கம்பளியை உதறித் தங்கச்சியின் மேல் போட்டான். அவள் உள்ளங்காலைப் பரபரவென்று தேய்த்தான். "கூடப் பெறந்தவளக் குளுருல போட்டுக் கொல்லுதாக, பாத்துட்டு நிக்கியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?"

திரையில் நம்பர் அசைந்தது. 34.3. கொஞ்ச நேரத்தில் 34.6. சண்முகத்தாயின் தாடை கிடுகிடுவென்று ஆடத் தொடங்கியது. எந்திரம் கத்தியது. நர்ஸ் ஓடிவந்து கம்பளியைப் பிடுங்கி எறிந்தாள், ஊசி போட்டாள், இமையைப் பிரித்து டார்ச் அடித்தாள். ஒரு கண்ணைப் பார்த்துவிட்டு மறுகண்ணையும் பார்த்தாள்.

"ரெண்டு கண்மணியும் சமமாத்தான் இருக்கு, மூளை வீக்கம் கூடல. இன்னொரு தடவை இப்படிப் பண்ணா நான் பொறுப்பில்ல."

நர்ஸ் போனதும் ஊர்க்காவலன் மச்சானின் கையைப் பிடித்தான். அவனுடையது பதினாறு வருஷமாகப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிற கை. செழியனும் அதே கம்பெனியில்தான் வெடிக்கு மருந்து செலுத்துகிறான்.

"மச்சான், வெயிலு ஏறுன பெறகு நாம மருந்து கலக்குவமா? விடியக்காலத்துலயே முடிச்சிட்டு எந்திரிச்சிருவமா இல்லையா? சூடு ஏறுனா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். இப்ப அவ தலைக்குள்ள இருக்கது அந்த மருந்து ரூமுன்னு நெனச்சுக்கோங்க. அதான் குளுத்தி வச்சிருக்காக. இது சாவு வந்த குளுரு இல்ல மச்சான். இவுகளா வச்ச குளுரு."

"அவுக சொன்னா நீ நம்பிருவியா? எம்புட்டுப் பிடிவாதம்லே ஒனக்கு!"

ஊர்க்காவலன் தலையைக் குனிந்துகொண்டான். இதைச் சொல்லாமல் தப்பிக்க முடியாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"மஞ்சக்காமாலைன்னு உங்ககிட்டப் பொய் சொன்னேன். மாத்திரை மச்சான். நான் குடுத்த மாத்திரை."

தீபாவளி சீசன். சண்முகத்தாய்க்குக் காய்ச்சல். வேலைக்கு ஏற்றிப்போகும் கம்பெனி வேன் வந்து நின்றால் ஏறித்தான் ஆகவேண்டும் என்று நின்றாள். டாக்டர் எழுதிக் கொடுத்தது காய்ச்சலுக்கு. பெட்டிக்கடையில் வாங்கியது மேல்வலிக்கு. கம்பெனியில் கொடுத்தது தலைவலிக்கு. மூன்றையும் வேளை தவறாமல், வெறும் வயிற்றில், ஐந்து நாள் அவன்தான் உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தான். மூன்று அட்டையும் மூன்று நிறம். உள்ளே இருந்தது ஒரே மருந்து, மூன்று மடங்காகச் சேர்ந்து அதுதான் ஈரலைக் கெடுத்தது என்பதை இந்த ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள்.

செழியன் ஓங்கி ஓர் அறை விட்டான். ஊர்க்காவலன் கன்னத்தைக்கூடத் தடவவில்லை.

"அடிங்க. ஆனா கையெழுத்துப் போட மாட்டேன். அவளை நாந்தான் இங்கன படுக்க வச்சேன். எந்திரிக்கிற வரைக்கும் தூக்க விட மாட்டேன்."

செழியன் கம்பளியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே போனான். போனவன் ஊருக்குப் போகவில்லை. ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டு, கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தான். இரண்டு பகல் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் ரத்தச் சோதனையைப் பார்த்த டாக்டரம்மா ஈரல் தேறுகிறது என்று முதல்முறையாகத் தலையாட்டினார். சூட்டை மெல்ல மெல்ல ஏற்றினார்கள். முப்பத்தைந்து. சாயங்காலம் முப்பத்தாறு. மயக்க மருந்தை நிறுத்தி, மறுநாள் காலையில் தொண்டைக் குழாயை எடுத்தார்கள். இரண்டு பேரையும் உள்ளே விட்டார்கள்.

சண்முகத்தாய் கண்ணைத் திறந்தாள். அண்ணனைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். குரல் கரகரத்தது.

"குளுருது."

செழியன் கம்பளியை விரித்தான். ஆனால் போடவில்லை. நான்கு நாளில் முதல்முறையாக ஊர்க்காவலன் முகத்தைப் பார்த்து, "போத்தலாமா மாப்ள?" என்று கேட்டான்.

ஊர்க்காவலன் தலையசைத்தான். கம்பளிக்குள்ளிருந்து அவள் கை மட்டும் வெளியே வந்தது. உள்ளங்கையை விரித்து அவன் பக்கம் நீட்டினாள்.

"காய்ச்சல் இன்னும் விடல போல. அந்த மாத்திரையக் குடு. வேன் வந்துரும்."

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அவன் கட்டிலோரமாகத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.