வீடு திரும்பிய பேலன்ஸ் சக்கரம்

கடிகாரம் சோதிக்கும் லென்ஸ் அக்காவின் மேஜையில் அசல் அல்லாத பாகம் எதுவும் தங்குவதில்லை. கடிகாரத்தின் முதுகைத் திறந்து அவள் திருகைத் தளர்த்தினால் போதும், வேறொரு கடிகாரத்திலிருந்து கழற்றி இதில் மாட்டிய பாகம் மெல்ல எழும்பி, ஜன்னல் வழியாக வெளியேறி, தன் சொந்தக் கடிகாரம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்ச் சேர்ந்துவிடும். சொந்தமென்று ஒரு கடிகாரமே இல்லாத பட்டறைப் போலிகள் மட்டும் போக்கிடம் தெரியாமல் எதிர்க்கடைக் கூரை விளிம்பில் காக்கை மாதிரி வரிசையாக உட்கார்ந்திருக்கும். கடைத்தெருவுக்கு இதெல்லாம் பழகிவிட்டது. தலைக்கு மேல் ஒரு நொடிமுள் மினுமினுத்துப் போனால் காய்கறி வாங்குகிறவர்கள் குனிந்து வழிவிடுவார்கள். பேரத்தை மட்டும் நிறுத்தமாட்டார்கள். பழைய விலையுயர்ந்த கடிகாரத்தை வாங்குகிறவரும் விற்கிறவரும் அவளிடம்தான் வருவார்கள். "முள்ளு கிளம்பிடுச்சு, மத்ததெல்லாம் அசல்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாள்.

வீட்டுக்காரர் அவளோடு இருந்த காலத்தில் பாகங்கள் பறந்ததில்லை. அவர் ரிப்பேர் பார்ப்பார், இவள் லென்ஸை மாட்டிக்கொண்டு அசலா என்று சோதிப்பாள். ஒருமுறை ஒரு வாடிக்கையாளரின் கடிகாரத்துக்கு, அதைத் துடிக்கவைத்து ஓட்டும் பேலன்ஸ் சக்கரம் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. வீட்டுக்காரரிடம் அதே மாடலில் சொந்தக் கடிகாரம் ஒன்று இருந்தது. ஆசையாக வைத்துக்கொண்டிருந்த ஒரே பொருள். அதிலிருந்து சக்கரத்தைக் கழற்றி இதில் மாட்டி ஓட வைத்தார். யாரிடமும் மூச்சுவிடவில்லை. மறுவாரம் அதே கடிகாரம் விற்பனைச் சோதனைக்கு வந்தது. கடை நிறைய ஆள் இருக்கும்போது அவள், "பேலன்ஸ் இதோடது இல்ல" என்று தள்ளிவைத்தாள்.

"அது என் வாட்ச்சோடதுடி. என் கையால போட்டதையே வேணாம்னுட்ட."

"நான் சொன்னது தப்பா?"

தப்பில்லை. வினையே அதுதான். நின்றுபோன தன் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு அவர் வெளியே போனார், போனவர் போனவர்தான். அதற்கடுத்த வாரம்தான் முதன்முதலாக ஒரு பாகம் மேஜையிலிருந்து எழுந்தது. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை. அந்தச் சக்கரம் என்றைக்காவது இந்த மேஜைக்கு வர வேண்டும். அது கிளம்பினால் அவர் இருக்குமிடம் தெரிந்துவிடும். வருஷங்கள் ஓடின, தலையில் நரை ஏறியது, யாரிடமும் அவரைப் பற்றி அவள் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

கடைசியில் அது இருந்த கடிகாரத்தைக் கொண்டுவந்தது தங்கப்பல் என்கிற வியாபாரி. "கண்ணை மூடிட்டு ஓகே சொல்லலாம்க்கா, பொறந்த குழந்தை மாதிரி இருக்கு" என்றான். முதுகைத் திறந்ததும் அவள் கண் பேலன்ஸ் சக்கரத்தின் திருகில் நின்றது. அவர் திருகு முடுக்கும் விதம் அவளுக்குத் தெரியாதா? தளர்த்தினாள். சக்கரம் எழுந்தது, ஒரு சுற்று சுற்றியது, வாசலைப் பார்த்து நகர்ந்தது. லென்ஸைக் கழற்றக்கூட நேரமில்லாமல் அவளும் எழுந்தாள்.

"அக்கா, என் வாட்ச்சு!"

"வாட்ச்சு உன்னோடது தம்பி. போறது எங்க வீட்டுக்காரரோடது. கடையைப் பார்த்துக்க."

சக்கரம் சாவகாசமாகத்தான் போனது. சிக்னலில் நின்றது. பாலத்தைத் தாண்டியது. பஸ் ஸ்டாண்டில் வெளியூர் பஸ் ஒன்றில் ஏறி டிரைவரின் தலைக்கு மேல் மிதந்துகொண்டு வந்தது. பக்கத்து சீட்டுப் பெண் ஒருத்தி, "உங்களோடதா?" என்று கேட்டாள். "இனிமேதான் தெரியும்" என்றாள் அக்கா. வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் கோத்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது ஒரு வார்த்தை மிச்சமில்லை.

பழக்கடைக்கும் சாவிக்கடைக்கும் இடையில், ஒரு ஸ்டூலும் கண்ணாடிப் பெட்டியுமாக அவர் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். வருவது எதுவென்று பார்த்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றித் திறந்து வைத்தார். சக்கரம் தன் இடத்தில் இறங்கி உட்கார்ந்தது. கடிகாரம் ஓடத் தொடங்கியது. அதன் பிறகுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"லென்ஸோட வந்துட்டியா? இங்கயும் சோதனையா?"

"நான் அன்னிக்கு சொன்னது சரிதாங்க. சொன்ன இடம்தான் தப்பு. வீட்டுக்கு வாங்க."

"வரமாட்டேன். எனக்கு இங்க பழகிடுச்சு."

சொல்லி முடிக்கவில்லை, ஸ்டூலிலிருந்து ஒரு சாண் எழும்பிவிட்டார். கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துப் பார்த்தார், பிடி நழுவியது. "நான்தான் வரலைங்கறேன்ல!" என்று அதட்டிக்கொண்டே சக்கரம் வந்த வழியே பஸ் ஸ்டாண்டு திசையில் மெல்ல நகர ஆரம்பித்தார். சாவிக்கடைக்காரர் பெட்டியை மூடிப் பூட்டி அக்காவிடம் கொடுத்தார். மிதந்து போகிறவருக்குத் தலை இடிக்காமல் பழக்கடைக்காரர் குடையைச் சாய்த்துப் பிடித்தார். அவர் காலிலிருந்து கழன்று விழுந்த செருப்பை எடுத்துக்கொண்டு, "பார்த்துப் போங்க, மின்கம்பி இருக்கு" என்றபடி அவள் பின்னால் நடந்தாள்.